முன்கதையிலிருந்தே தொடங்கலாமா? வீடியோ கேம் தொடருக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறை வந்தால் கோட்டையூரில் எங்கள் வீடு நிறைந்துவிடும். சென்னை, கோவை, பெங்களூரு என்று பிரிந்துபோன பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்வார்கள். வளவில் எங்கள் பங்குக்கு வந்த அறையில் ஒரு டிவி, ஒரு ப்ளேஸ்டேஷன், ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கூட்டம் அங்கேதான். காரைக்குடியில் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் சனி, ஞாயிறில் வருவார்கள். நான் இருபது வருடமாக விளையாடுகிறவள் என்பதால் சந்தேகம் எல்லாம் என்னிடம் வந்து சேரும். அதில் அடிக்கடி வருவது ஒன்று: "இந்தத் தொடருக்கு முன்கதை ஒன்று இருக்கிறதாமே, அதிலிருந்தே தொடங்கலாமா?"

ஒவ்வொருவருக்கும் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் உடைக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு பழைய ரகசியத்தைத் தொடவேண்டியிருக்கிறது, அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முன்கதை என்றால் எது? தொடரில் முதலில் வந்த கேமா?

இல்லை. பிறகு வெளிவந்து, கதையில் முன்னால் நிற்பது. ப்ரீக்வெல் என்று சொல்வார்கள். குழப்பத்துக்குக் காரணம் பெயர்களும் எண்களும்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம் 2018இல் வந்தது, கதை நடப்பது 1899இல். அதற்கு முந்தைய ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2010இல் வந்தது, அதன் கதை 1911இல். ஆக, 2 என்று எண் போட்டதுதான் முன்கதை. மெட்டல் கியர் சாலிட் 3 அந்தத் தொடரிலேயே மிகப் பழைய காலத்தில், 1964இல் நடக்கிறது. இந்த மூன்றில் யாக்குசா 0 மட்டும்தான் தன் பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

அதனால் ஒரு கேமை வாங்குமுன் இரண்டு வருடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வருடம் வெளிவந்தது, எந்த வருடத்தில் கதை நடக்கிறது. கீழே நான் சொல்லப்போகிற பலவற்றுக்கு இந்த இரண்டு எண்களே போதும்.

அயித்தை, கதை நடந்த வரிசையில் விளையாடுவதுதானே முறை? முன்னால் நடந்தது முன்னால்தானே வரவேண்டும்?

அண்ணன் மகன் கேட்டது. கேட்கும்போது ரொம்ப நியாயமாகத்தான் தோன்றுகிறது.

அவனுக்கு நான் சொன்னது நம் ஊர் உதாரணம். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா இன்றும் நடக்கிறது. அங்கே வந்து உட்காருகிற எல்லாருக்கும் இராமன் கதை தெரியும். அந்தக் கதையில் இராவணனின் பிறப்பு, அவன் பாட்டன் புலத்தியன், அவன் செய்த தவம், வாங்கிய வரம் எல்லாம் எங்கே விரிவாக வருகிறது? உத்தர காண்டத்தில். போர் முடிந்து, பட்டாபிஷேகமும் முடிந்த பிறகு, அகத்தியர் வந்து இராமனிடம் சொல்கிறார். காலப்படி பார்த்தால் எல்லாவற்றுக்கும் முந்தியது அது. ஆனாலும் கடைசியில் வருகிறது. யாரை வென்றோம் என்று வென்ற பிறகு தெரிந்துகொள்கிற அனுபவம் அது. அதையே முதலில் சொல்லியிருந்தால், பொன்மானைக் காட்டி சீதையைக் கவர வருகிறவனை நாம் வேறு கண்ணால் பார்த்திருப்போம்.

எதை எப்போது சொல்வது என்பதும் கதை சொல்கிறவரின் வேலைதான். பின்னால் எடுக்கப்பட்ட முன்கதையில், எடுத்தவர்கள் மனத்தில் ஒரு ரசிகர் இருக்கிறார். முந்தைய கேமை முடித்துவிட்டு வந்தவரா, ஒன்றுமே தெரியாமல் வந்தவரா? முன்கதைக்கு முன்கதை இது மாறும். நாம் கண்டுபிடிக்கவேண்டியது அதைத்தான்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? நான்தான் இன்னும் எதையும் விளையாடவில்லையே.

உங்களால் முடியாது, ஏற்கெனவே விளையாடியவரிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் "நல்லா இருக்குமா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கும் என்றே சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: "முதல் கேமில் கடைசிவரை மறைத்து வைக்கிற கேள்வி ஏதாவது உண்டா? முன்கதை அதற்குப் பதில் சொல்லிவிடுகிறதா?"

ஆமாம் என்றால் முன்கதையைத் தொடாதீர்கள். முதல் கேமுக்குப் போங்கள். இல்லை என்றால் தாராளமாக முன்கதையில் தொடங்கலாம். ஒரு ரகசியத்தை முதல்முறை அறிகிற அனுபவம் ஒருவருக்கு ஒருமுறைதான் கிடைக்கும். கட்டுப்பாடு, கிராஃபிக்ஸ், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் தொடங்கலாமா?

தொடங்கலாம். இதைத் தயக்கமே இல்லாமல் சொல்வேன், அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

2010இல் வந்த கேமை நான் ப்ளேஸ்டேஷன் 3இல் (பி.எஸ். 3) முடித்திருந்தேன். 2019 பொங்கல் சமயத்தில் இரண்டாவதைத் தொடங்கியபோது அப்பச்சி, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குதிரை, பனிமலை, ரயில் கொள்ளை என்றதும் அவருக்குப் பிடித்துவிட்டது. சின்ன வயதில் கொட்டகையில் பார்த்த கௌபாய் படங்களைப்பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த ஒன்றரை மாதம் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் அந்த அறைக்கு வந்துவிடுவோம்.

கதை ஒரு கொள்ளைக்கூட்டத்தைப்பற்றியது. தலைவன் டச், அவனுடைய வலது கை ஆர்தர். நாம் ஆர்தராக விளையாடுகிறோம். அந்தக் கூட்டத்தில் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். முகாமில் சமைக்கிறார்கள், பாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். பங்காளிகள் எல்லாரும் ஒரே வளவில் இருந்த காலத்தில் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது என்று அப்பச்சி சொன்னார்.

முதல் கேமை விளையாடியிருந்ததால், 1911 வரை உயிரோடு இருக்கப்போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அப்பச்சிக்குத் தெரியாது. ஒரே திரையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்தோம். முகாமில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், அவர் கூடச் சேர்ந்து சிரிப்பார். துப்பாக்கிச் சண்டை வந்தால் எனக்குச் சிலரைப்பற்றிக் கவலையே இருக்காது. அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "ஆத்தா, இவன் தப்பிச்சிருவானா?" என்பார். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பெரும்பாடு.

கடைசியில் எனக்கு என்ன தோன்றியது என்றால், என் அனுபவம் குறைவில்லை, ஆனால் அவருடையதுதான் அந்தக் கேம் தரக்கூடிய முழு அனுபவம். எல்லாருக்காகவும் பயந்தார். ஆர்தரை மட்டும் பார்க்க எனக்கு நூறு மணி நேரம் வேண்டியிருந்தது, ஏனென்றால் என் மனம் எந்நேரமும் 2010 கேமின் நாயகனைத் தேடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆர்தர் முதல் நாளே நாயகன். 2010 கேமின் நாயகன் யார் என்று நான் இங்கே பெயரைக்கூட எழுதவில்லை. உங்களுக்கும் அது தெரியாமல் இருப்பதே நல்லது.

பிறகு அப்பச்சியே 2010 கேமையும் போடச் சொன்னார். எடுத்துப் போட்டேன். அதில் யாராவது பழைய முகம் வந்தால் "நம்ம பயலா இது!" என்று எழுந்துவிடுவார். நான் 2010இல் அதே காட்சியை யாரோ ஒரு முரடன் என்று கடந்துபோயிருந்தேன். இரண்டு வரிசையும் நல்ல வரிசை என்று அவரைப் பார்த்துத்தான் நம்பினேன்.

இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு முன்கதை 2019 நவம்பரில் வந்துவிட்டது. 2010 கேம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2024 அக்டோபரில்தான். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் அவர்களுக்கு முன்கதை மட்டும்தான் கிடைத்தது. அந்த வழியாக வந்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும், ஒருவரும் எதையும் இழந்ததாகச் சொன்னதில்லை.

அதிலிருந்து பழைய கேமுக்குப் போனால் கைக்கு வருமா?

முதல் இரண்டு நாள் வராது. 2018 கேமில் ஆற்றை நீந்திக் கடந்து பழகியவர்கள், 2010 கேமில் ஆழத்தில் கால் வைத்ததும் நாயகன் மூழ்கிச் செத்துப்போவதைப் பார்த்துத் திகைப்பார்கள். அவனுக்கு நீச்சலே கிடையாது. முகாம், ஆயுதம், குதிரை பராமரிப்பு எல்லாமே எளிமையாக இருக்கும். பொதுவாகவே புதியதில் தொடங்கிப் பழையதற்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் உண்டு, முன்கதையில் தொடங்குவதற்கு எதிராகச் சொல்லக்கூடிய நேர்மையான வாதமும் இதுதான்.

நான் சொல்லும் வழி: இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். வேறு ஏதாவது விளையாடுங்கள். கை பழையதை மறக்கட்டும். மனம் மறக்காது.

அக்கா, யாக்குசா தொடரில் இத்தனை கேம் இருக்கிறதே, 0இல் தொடங்கட்டுமா, முதல் கேமிலா?

0இல் தொடங்குங்கள் தம்பி. இந்தத் தொடரைப் பொறுத்தவரை நான் வேறு வரிசையே சொல்வதில்லை.

முதல் யாக்குசா 2005இல் பி.எஸ். 2க்கு வந்தது. 0 பத்து வருடம் கழித்து 2015இல் ஜப்பானிலும், 2017இல் மற்ற நாடுகளிலும் வந்தது. கதை நடப்பது 1988 டிசம்பர். டோக்கியோவில் காமுரோச்சோ என்ற கற்பனைப் பகுதி, ஒசாகாவில் சோட்டன்போரி என்ற இன்னொரு பகுதி. ஜப்பானில் நிலத்தின் விலை வானத்துக்கு ஏறிய காலம். கதை முழுவதும் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கிற, கையகலக் காலி மனை ஒன்றைச் சுற்றித்தான். அதை யார் கைக்குக் கொண்டுவருவது என்று பெரிய பெரிய ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் நடந்த கொலைப் பழி கிர்யு என்ற இருபது வயதுப் பையன் தலையில் விழுகிறது. பாகப்பிரிவினை வழக்கு பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். ஒரு சுவருக்கும் ஒரு நடைக்கும் முப்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் இங்கே உண்டு.

ஏன் 0 முதலில்? கிர்யுவுக்கு நிஷிகியாமா என்று ஒரு நண்பன். ஒரே இல்லத்தில் வளர்ந்தவர்கள், கூடப்பிறந்தவர்கள் மாதிரி. முதல் கேமின் கனமே அந்த நட்பின்மேல்தான் இருக்கிறது. ஆனால் 2005இல் அந்த நட்பைக் காட்ட கேமை எடுத்தவர்களுக்கு நேரம் போதவில்லை. சட்டென்று தொடங்கி, பத்து வருடம் தாண்டி ஓடிவிடுகிறது. 0இல் அந்த இருவரோடும் நீங்கள் பல மணி நேரம் இருக்கிறீர்கள். ராத்திரி குடித்துவிட்டுப் பாடுகிறார்கள், ஒருவருக்காக ஒருவர் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு முதல் கதைக்குப் போய்ப் பாருங்கள். எங்கேயும் ரகசியம் உடையவில்லை, ஆனால் எல்லாம் வலிக்கிறது. முன்கதை செய்யவேண்டிய வேலை இதுதான்.

முதல் கேமை கிவாமி என்ற பெயரில் 0இன் சண்டை முறையிலேயே திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதனால் கைக்கு அந்நியமாக இருக்காது. ஒரே ஏமாற்றம், இரண்டு ஊர் சுற்றிவிட்டு வந்தவர்களுக்கு கிவாமியில் காமுரோச்சோ மட்டும்தான். கொஞ்சம் சுருங்கிப்போனமாதிரி இருக்கும். அதை ஈடுகட்ட மஜிமா இருக்கிறார். 0இல் ஒசாகாவில் கோட்டும் டையும் போட்டு, மதுக்கூடம் நடத்துகிற அடக்கமான மனிதரை கிவாமியில் நீங்கள் சந்திக்கும்போது என்ன முகம் காட்டுவீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

எந்த முன்கதையில் தொடங்கவே கூடாது?

கிரைசிஸ் கோர். ஃபைனல் ஃபேன்டஸி 7இன் முன்கதை.

2009இல் பெரியப்பச்சி மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது எனக்கு ஒரு பி.எஸ்.பி., கையில் வைத்து விளையாடுகிற ப்ளேஸ்டேஷன், கொண்டுவந்தான். அதோடு இருந்த ஒரே கேம் அது. 7 என்ற கேமைப்பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் முடித்தேன். முடிவைப் பார்த்து அழுதேன். இன்றும் எனக்குப் பிடித்த கேம்களில் அது ஒன்று.

இரண்டு வருடம் கழித்து 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ விளையாட வாய்த்தது. அதில் நாயகன் கிளவுட் தன்னைப்பற்றிச் சொல்வதில் ஏதோ இடிக்கிறது. என்ன இடிக்கிறது என்பதுதான் நாற்பது மணி நேரம் நம்மை இழுத்துக்கொண்டு போகவேண்டிய கேள்வி. எனக்கு முதல் மணியிலேயே பதில் தெரிந்திருந்தது. கிராமத்தில் வந்து நிற்கிற அந்தக் காட்சி, எத்தனையோ பேர் வாழ்நாளெல்லாம் நினைவில் வைத்திருக்கிற காட்சி, எனக்குத் தெரிந்த செய்தியைத் திரும்ப வாசித்தமாதிரி இருந்தது. அந்த அதிர்ச்சியை நான் இனி எங்கேயும் போய் வாங்க முடியாது. பதினைந்து வருடமாகியும் அந்த வருத்தம் இருக்கிறது.

கிரைசிஸ் கோர் 2022இல் ரீயூனியன் என்று புதுப் பொலிவோடு வந்துவிட்டதால் பிள்ளைகள் இப்போதும் அதைத்தான் முதலில் எடுக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். 1997 கேமை முடித்துவிட்டு வாருங்கள். பழைய கிராஃபிக்ஸ் கண்ணுக்குப் பொருந்தவில்லை என்றால் 2020இல் வந்த ரீமேக்கையும் 2024இல் வந்த ரீபர்த்தையும் முதலில் விளையாடுங்கள். கிரைசிஸ் கோர் பொறுத்திருக்கட்டும்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தொடரின் முன்கதையான பிஃபோர் த ஸ்டார்ம் இதே வகைதான். 2015 கேமில் ஊரெங்கும் காணாமல் போன ஒரு பெண்ணின் சுவரொட்டி ஒட்டியிருக்கும். அவள் யார் என்று தெரியாமல் தேடுவதுதான் அதன் அழகு. 2017இல் வந்த முன்கதையில் அவள் உங்கள் கண்முன்னே நிற்கிறாள்.

ஹேலோ ரீச்? அதுவும் கூடாதா?

கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டாவதாக விளையாடுங்கள். ரீச் என்ற கிரகம் விழுந்துவிட்டது என்பது 2001இல் முதல் ஹேலோ வந்தபோதே தெரிந்த விஷயம். 2010இல் வந்த ரீச் அந்த வீழ்ச்சியைக் காட்டுகிறது. முடிவு தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எடுத்த கேம் அது. ஹேலோ கேம்களின் தொகுப்பான மாஸ்டர் சீஃப் கலெக்ஷன் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 2019 டிசம்பரில் ரீச்தான் முதலில் வந்தது, முதல் ஹேலோ அதில் 2020இல் சேர்ந்தது. அதனால் அந்த வரிசையில் போனவர்கள் நிறைய. மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷனில் இரண்டுமே இருக்கின்றன. முதல் ஹேலோவில் ஒரு பட்டனை அழுத்தினால் பழைய படமும் புதிய படமும் மாறி மாறி வரும். பழசாக இருக்குமே என்ற பயம் வேண்டாம்.

பேட்மேன் ஆர்க்கம் தொடரின் முன்கதையான ஆரிஜின்ஸை முதலில் விளையாடினால் கதைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் 2009இல் வந்த அசைலம் ஒரு தீவுக்குள் அடங்கிய, கச்சிதமான கேம். பெரிய ஊரில் பறந்துவிட்டு அங்கே போனால் அதன் அருமை தெரியாது. அசைலம், சிட்டி, அப்புறம் ஆரிஜின்ஸ்.

மெட்டல் கியர் சாலிட் 3?

தொடங்கலாம். 1964, சோவியத் காடு, தனியாக இறக்கிவிடப்பட்ட ஓர் ஆள், அவனுக்குப் போர்க்கலை கற்றுக்கொடுத்த ஆசிரியை எதிர்ப்பக்கம் போய்விட்டாள். இவ்வளவு தெரிந்தால் போதும். குருவுக்கும் சீடனுக்கும் நடுவே நடக்கிற கதை என்பதால் பின்னால் வருகிற எதையும் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. 2025 ஆகஸ்டில் டெல்டா என்ற பெயரில் புதிதாக எடுத்து வெளியிட்டும் இருக்கிறார்கள். தொடரை முதலில் விளையாடியவர்களுக்கு இந்த ஆள் பிற்காலத்தில் என்ன ஆவான் என்று தெரியும், அவர்களுக்குக் கடைசிக் காட்சி இன்னொரு விதமாக அறுக்கும். உங்களுக்கு அது ஒரு பங்கு குறையலாம். மீதியே போதுமான அளவுக்கு இருக்கிறது.

எனக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. தமிழ் இருக்கிறதா?

இங்கே நான் சொன்ன எந்தக் கேமிலும் தமிழ் வசனம் கிடையாது. இதை ஒரு குறையாக நினைத்து ஒதுங்கிப் போகாதீர்கள், ஆனால் கேமைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாக்குசா 0இன் முதல் பதிப்பில் பேச்சு ஜப்பானிய மொழியில், எழுத்து ஆங்கிலத்தில். தெருவில் நடக்கிற உரையாடல்கள் பெரும்பாலும் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். நிதானமாகப் படிக்கலாம். பெரிய காட்சிகள் மட்டும் தானாக ஓடும். ரெட் டெட் 2இல் குதிரையில் போய்க்கொண்டே பேசுகிறார்கள். வழியையும் பார்க்கவேண்டும், எழுத்தையும் படிக்கவேண்டும், பேச்சும் பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பேச்சு. அப்பச்சிக்கு நான்தான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் கிடைத்தால் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் நன்றாக இருக்கும்.

இதில் முன்கதைக்கு ஒரு வசதி உண்டு. புதியவருக்கென்று எடுத்த முன்கதையில் ஆட்களை முதலிலிருந்து அறிமுகப்படுத்துவார்கள். பெயர்கள் மனத்தில் பதியும். நாலாவது, ஐந்தாவது பாகத்தில் நடுவே நுழைந்தால் மொழிச் சிரமத்தோடு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

நம் ஊரில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. ரெட் டெட் 2 தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்ளும். யாக்குசா 0இல் ஊரில் இருக்கிற டெலிபோன் பூத்துக்குப் போய்த்தான் சேமிக்கவேண்டும், 1988 அல்லவா. மழைக்காலத்தில் ஒரு சண்டைக்கு முன்னால் பூத்தைத் தேடிப் போகாமல் ஒன்றரை மணி நேர ஆட்டத்தை இழந்த பிள்ளை எங்கள் வீட்டில் உண்டு. யூ.பி.எஸ். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வானம் கறுத்ததும் பூத்துக்கு ஓடுங்கள்.

இடமும் பாருங்கள். ரெட் டெட் 2 கம்ப்யூட்டரில் 150 ஜி.பி. கேட்கிறது. மொபைல் டேட்டாவில் இறக்குகிற காரியம் இல்லை.

என் மகனுக்குப் பத்து வயது. இவற்றில் எதைக் கொடுக்கலாம் ஆச்சி?

மேலே சொன்னவற்றில் ஒன்றும் வேண்டாம். ரெட் டெட், யாக்குசா எல்லாம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை, அதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் வந்தால் எங்கள் அறையில் அவை ஓடாது.

அவன் இன்னும் ஓரிரண்டு வயது வளர்ந்ததும், நீங்களும் கூட உட்கார்ந்து, டிராகன் குவெஸ்ட் 3 கொடுங்கள். நான் முன்னால் சொன்ன பழைய ரகசியம் இங்கேதான் வருகிறது, வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். 1988இல் ஜப்பானில் இந்தக் கேம் வந்தபோது அது முன்கதை என்பதே விளையாடியவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு கேமுக்கும் முந்தைய காலம் இது என்பது பின்பாதியில்தான் விளங்கும். முதலிரண்டை விளையாடியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட நிமிடமாக இருந்திருக்கும்! இப்போது அது ஊரறிந்த செய்தியாகிவிட்டது. தயாரிப்பாளர்களே மூன்றாவதை 2024இல் முதலில் புதுப்பித்து வெளியிட்டு, முதல் இரண்டையும் 2025இல் அதன் தொடர்ச்சிபோலக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, பிள்ளைகள் 3, 1, 2 என்று போகலாம். சண்டை முறைவைத்து நடக்கும், யோசித்து அடிக்கலாம், அவசரமே இல்லை.

நீளமாக இல்லாமல், ஒரு விடுமுறைக்குள் முடிகிற முன்கதை ஏதாவது?

மாஃபியா: தி ஓல்ட் கன்ட்ரி. 2025 ஆகஸ்டில் வந்தது. 1900களின் தொடக்கத்தில், சிசிலித் தீவில், கந்தகச் சுரங்கத்தில் வேலை செய்கிற ஏழைப் பையனிடமிருந்து தொடங்குகிறது. சுமார் பன்னிரண்டு மணி நேரம். மாஃபியா தொடரில் வேறு எதையும் தெரிந்திருக்கவேண்டாம். சிசிலி மக்கள் பேசுகிற சொந்தப் பேச்சிலேயே குரலை வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்து விளையாடுங்கள், அந்த மண்ணின் வெயில் காதில் கேட்கும். இதுவும் பெரியவர்களுக்குத்தான்.

முதல் கேமின் கதையைப் பத்து நிமிட வீடியோவில் பார்த்துவிட்டு முன்கதைக்குப் போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். கதை தெரியாமல் போவது ஒரு நல்ல நிலை. முழுதாக விளையாடித் தெரிந்துகொண்டு போவது இன்னொரு நல்ல நிலை. வீடியோ பார்ப்பதில் ரகசியமும் போய்விடுகிறது, பழகிய பாசமும் கிடைப்பதில்லை. பழைய கேமை விளையாடச் சாதனமே இல்லை என்றால், ஒருவர் முழுதாக விளையாடுவதை நாள்கணக்கில் உட்கார்ந்து பாருங்கள். அப்பச்சி இரண்டு கேமையும் அப்படித்தான் முடித்தார், ஒருநாளும் கன்ட்ரோலரைத் தொட்டதில்லை.

நான் ஏற்கெனவே கிரைசிஸ் கோரில் பாதி வந்துவிட்டேன். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

இப்போதைய நிலையில் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. நிபெல்ஹைம் என்ற மலைக் கிராமத்துக்கு இன்னும் போகவில்லை என்றால், சேமித்துவிட்டு இன்றே நிறுத்துங்கள். பெரிய ரகசியத்தின் பெரும்பகுதி உங்களுக்கு இன்னும் பத்திரமாக இருக்கிறது. 7ஐ முடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

அந்தக் கிராமத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் இரண்டும் பாதியாகிப் போகும். கடைசிவரை போங்கள், ராத்திரியில், தனியாக, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. அது தருகிறதை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு யாரிடமாவது பேசவேண்டும்போல இருக்கும். கோட்டையூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்.